நூறு ரூபாயில் எழுபது பைசா: பிரிட்டன் தவறிய வாக்கும் ராயபுரத்தில் நின்றுபோன வேலையும்

ராயபுரத்துக்காரி
5 ஜூலை 2025, இரவு 9.40

போன செவ்வாய்க்கிழமை, ஜூலை 1 அன்று, அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்ட் கதவைச் சாத்திவிட்டது. டிவியில் அந்தச் செய்தி ஓடும்போது வீட்டுக்காரர் சத்தத்தைக் குறைத்தார். நான் திரும்பக் கூட்டச் சொன்னேன். நாலு வருஷத்துக்கு முன்னால் எனக்கும் என்னோடு வேலை பார்த்த ஆறு பெண்களுக்கும் இதேதான் நடந்தது. அப்போது வாக்குத் தவறியது பிரிட்டன். யாரிடமும் இதை முழுசாகச் சொன்னதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த வாக்கைப் பற்றி. 1970 அக்டோபர் 24 அன்று ஐ.நா. பொதுச்சபை ஒரு தீர்மானம் போட்டது. பணக்கார நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளின் வளர்ச்சிக்குத் தர வேண்டும் என்பது அதில் இருந்தது. நூறு ரூபாய் சம்பாதித்தால் எழுபது பைசா. முந்தின வருஷம் கனடாவின் முன்னாள் பிரதமர் லெஸ்டர் பியர்சன் தலைமையிலான குழு சொன்ன கணக்கு அது. சுவீடன் 1974-லேயே அதை எட்டியது. பிரிட்டன் எட்டியது 2013-ல். 2015-ல் அதற்கென்று சட்டமே போட்டார்கள். 2019 தேர்தல் அறிக்கையில் கன்சர்வேடிவ் கட்சி அதைக் காப்பாற்றுவோம் என்று எழுதி ஓட்டு வாங்கியது. ஒரே வருஷம்தான். 2020 நவம்பரில் நிதியமைச்சர் ரிஷி சுனக் எழுந்து, அடுத்த வருஷத்திலிருந்து 0.5 சதவீதம்தான் என்றார். கொரோனா செலவு, தற்காலிகம் என்று காரணம் சொன்னார்.

லண்டனில் குறைந்த அந்த இருபது பைசா ராயபுரம் வரை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இந்தியாவுக்கு பிரிட்டன் நேரடியாகத் தந்த நிதி உதவி 2015-ல் முடிந்துவிட்டது. ஆனால் உதவிப் பணத்தில் ஒரு பகுதியை ஆய்வு நிதியாக அவர்கள் ஊர்ப் பல்கலைக்கழகங்கள் வழியே கொடுத்து வந்தார்கள். அந்த வழியில் வந்த மூன்று வருஷ ஆய்வு எங்களுடையது. அங்கே ஒரு பல்கலைக்கழகம், இங்கே ஒரு நிறுவனம், இரண்டின் பெயரும் வேண்டாம். காசிமேடு, பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் தெருக்களில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, யார் மாத்திரை சாப்பிடுகிறார்கள், யார் ஏன் நிறுத்தினார்கள் என்று எழுத வேண்டும். அதற்கு ஆறு பெண்கள், ஆறு பேருமே அந்தத் தெருக்களில் குடியிருப்பவர்கள். நான் கணக்கும் பார்த்தேன், களத்தையும் பார்த்தேன்.

2021 மார்ச் 11 அன்று பிரிட்டனின் ஆய்வு நிதி அமைப்பு ஒரு பகிரங்கக் கடிதம் வெளியிட்டது. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட திட்டங்களுக்கும் கையில் இருக்கும் பணத்துக்கும் 12 கோடி பவுண்டு இடைவெளி இருக்கிறது என்றார்கள். புதுத் திட்டங்களுக்கு இல்லை என்றால் புரிந்துகொள்ளலாம். கையெழுத்துப் போட்டு, ஆள் எடுத்து, பாதி வழி வந்த திட்டங்களுக்கே பணம் இல்லை. மார்ச் கடைசி வாரம் எங்களுக்கும் மின்னஞ்சல் வந்தது. ஏப்ரல் முதல் புதுச் செலவு எதுவும் செய்ய வேண்டாம் என்று அதில் இருந்தது.

ஆறு பேரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அவர்களில் மூத்தவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அக்கா, நாம ஏதாச்சும் தப்பு பண்ணிட்டோமா?" என்று கேட்டார். தன் பதிவேட்டில் ஏதோ கோளாறு, அதனால்தான் நிறுத்திவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். 0.7 என்றும் 0.5 என்றும் நான் அவருக்கு எப்படி விளக்குவேன்?

அடுத்த மாதம் இரண்டாம் அலை வந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாருமே சர்க்கரை, பிரஷர் உள்ளவர்கள். கொரோனா முதலில் யாரைத் தாக்கியது என்று உங்களுக்கே தெரியும்.

---

மெரினா காற்று
5 ஜூலை 2025, இரவு 10.25

அக்கா, அந்த ஆறு பேருக்கு நடந்தது கொடுமை. அதில் எனக்கு வேறு பேச்சே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தை நேராகக் கேட்கிறேன். ராயபுரத்தில் பிரஷர் பார்க்க லண்டன் பணம் எதற்கு?

2010-ல் நாடாளுமன்றத்தில் பிரணாப் முகர்ஜி சொன்னது ஞாபகம் இருக்கும். பிரிட்டன் தரும் உதவி நம் வளர்ச்சிச் செலவில் வேர்க்கடலை மாதிரி, நமக்கு வேண்டாம் என்றார். 2003-லேயே ஜஸ்வந்த் சிங் பட்ஜெட் உரையில், சின்னச் சின்ன உதவிகளை இனி வாங்குவதில்லை என்று அறிவித்தார். 2004 சுனாமியில் நம் கடற்கரையே பிணக்காடாகக் கிடந்தபோதும் வெளிநாட்டு அரசுகளின் உதவியை வேண்டாம் என்றோம். அதே நேரத்தில் இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் கப்பல் அனுப்பினோம். எனக்கு அது இன்றைக்கும் பெருமை.

அவர்கள் வரிப்பணம், அவர்கள் முடிவு. இன்னொருவன் கையை நம்பி வேலை தொடங்கியதுதான் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் மேல் தவறு என்று சொல்லவில்லை. திட்டம் போட்ட பெரியவர்களைச் சொல்கிறேன்.

---

ராயபுரத்துக்காரி
5 ஜூலை 2025, இரவு 10.50

தம்பி, கொடுக்க வேண்டுமா வேண்டாமா என்பது ஒரு கேள்வி. அதில் நீங்கள் சொல்வதைப் பாதி ஒத்துக்கொள்கிறேன். நான் கேட்பது வேறு. கொடுக்கிறேன் என்று சொல்லி, கையெழுத்துப் போட்டு, ஆள் எடுக்கச் சொல்லி, அவர்கள் வேறு வேலையை விட்டுவிட்டு வந்தபிறகு நடுவில் நிறுத்தலாமா? கல்யாணச் சமையலுக்கு அடுப்புப் பற்றவைத்த பிறகு அரிசி இல்லை என்று கை விரிப்பது மாதிரி. முதலிலேயே இல்லை என்றிருந்தால் அந்தப் பெண்கள் மீன் ஏலத்துக்கே போயிருப்பார்கள்.

நாங்களாவது நம் மாநிலத்தில் இருந்தோம், பக்கத்திலேயே அரசு மருத்துவமனை இருந்தது. அதே 2021-ல் ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் கருத்தடைச் சாதனத் திட்டத்துக்குத் தருவதாக இருந்த 15.4 கோடி பவுண்டை 2.3 கோடியாக்கினார்கள். போலியோ ஒழிப்புக்கான 10 கோடி பவுண்டு வெறும் 50 லட்சமாகச் சுருங்கியது. ஏமனில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே அங்கே தருவதையும் வெட்டினார்கள். அங்கே இருந்தவர்களுக்கு வேறு எந்தக் கதவு திறந்திருந்தது?

---

உயர்நீதிமன்ற வாசல்
6 ஜூலை 2025, காலை 7.15

நான் வக்கீல். ராயபுரத்துக்காரி அம்மா சட்டம் போட்டார்கள் என்று எழுதியதால் வந்தேன். சட்டமே இருக்கும்போது எப்படி மீறினார்கள் என்று பலருக்கும் தோன்றும். அந்தச் சட்டத்தைப் படித்திருக்கிறேன். ரொம்பச் சின்னது.

2015 மார்ச் 26 அன்று அரசியின் ஒப்புதல் பெற்றது. முதல் பிரிவில், ஒவ்வொரு வருஷமும் 0.7 சதவீதத்தை எட்டுவது அமைச்சரின் கடமை என்று இருக்கிறது. இரண்டாம் பிரிவு, எட்டவில்லை என்றால் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வைத்துக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது. பொருளாதார நிலை, அரசின் நிதி நிலை, வெளிநாட்டுச் சூழல் என்று காரணங்களையும் அதுவே எடுத்துக் கொடுக்கிறது. மூன்றாம் பிரிவுதான் முக்கியம். இந்தக் கடமைக்கு நாடாளுமன்றத்தில் அறிக்கை வைப்பது ஒன்றே பொறுப்பு, இதை வைத்து அரசின் வேறு எந்தச் செயலும் சட்டவிரோதம் ஆகாது என்கிறது. அதாவது கோர்ட்டுக்குப் போக முடியாது. வீட்டைக் கட்டி வாசலையும் வைத்து, சாவியை மட்டும் அரசின் பையிலேயே விட்டுவிட்டார்கள்.

ஏன் இப்படி எழுதினார்கள் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, ஆனால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது பெர்காவ் அணை வழக்கு. மலேசியாவில் ஓர் அணைக்கு பிரிட்டன் 23.4 கோடி பவுண்டு உதவி கொடுத்தது. பொருளாதார ரீதியில் அந்த அணை உருப்படாது என்று அவர்கள் அதிகாரிகளே எச்சரித்திருந்தார்கள். ஆயுத வியாபாரத்தோடு சேர்த்துப் பேசியதும் பின்னால் வெளியே வந்தது. ஒரு தொண்டு அமைப்பு வழக்குப் போட்டது. 1994 நவம்பரில் லண்டன் உயர்நீதிமன்றம் அந்த உதவி சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. உதவிப் பணத்தைத் தவறாகக் கொடுத்தால் கோர்ட் கேட்கும் என்று அந்த வழக்கு காட்டியது. கொடுக்காமல் விட்டால் கேட்க முடியாதபடி 2015 சட்டம் அமைந்துவிட்டது.

0.5-க்குக் குறைத்ததற்கு 2021 ஜூலை 13 அன்று மக்களவையில் ஓட்டெடுப்பு நடந்தது. 333-க்கு 298. முன்னாள் பிரதமர் தெரசா மே சொந்தக் கட்சியை எதிர்த்து ஓட்டுப் போட்டார். அவரோடு சேர்த்து உயிரோடு இருந்த முன்னாள் பிரதமர்கள் ஐந்து பேருமே அந்த வெட்டை எதிர்த்தவர்கள். ஆனாலும் நிறைவேறியது. அன்றாடச் செலவுக்கு அரசு கடன் வாங்காத நிலை வர வேண்டும், மொத்தக் கடனும் இறங்குமுகமாக இருக்க வேண்டும், இரண்டும் நடந்தால் 0.7-க்குத் திரும்புவோம் என்று நிபந்தனை வைத்தார்கள். இன்று வரை திரும்பவில்லை. "தற்காலிகம்" என்ற சொல்லுக்கு ஒரு தேதி எழுதச் சொல்லி யாராவது கட்டாயப்படுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

---

அடையாறு ஆலமரம்
6 ஜூலை 2025, காலை 11.05

நான் சரித்திர வாத்தியார், ஓய்வு பெற்று ரொம்ப நாளாகிவிட்டது. வக்கீல் தம்பி எழுதியதைப் படித்ததும் தாது வருஷப் பஞ்சம் நினைவுக்கு வந்தது. விஷயத்தோடு சம்பந்தம் உள்ளதுதான், பொறுமையாகப் படியுங்கள்.

1876 முதல் 78 வரை மதராஸ் மாகாணத்தில் மழை பொய்த்து லட்சக்கணக்கில் செத்தார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு, வைஸ்ராய் அரசு பஞ்சத்தைக் கவனிக்க அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்த கூலி, நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். அரைக் கிலோவுக்கும் குறைவு. இது போதாது, ஆட்கள் கரைந்து போகிறார்கள் என்று மதராஸ் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார். அடையாற்றுக்கும் கூவத்துக்கும் நடுவே பக்கிங்காம் கால்வாயை இணைத்து வெட்டியது அந்தப் பஞ்சத்து ஆட்கள்தான். பறக்கும் ரயில் தூண்கள் நிற்கும் அந்தக் கால்வாய்க் கரையில் நடக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூலிக் கணக்குதான் மனதில் ஓடும்.

சொல்ல வந்தது இதற்கு அடுத்தது. பஞ்சத்துக்குப் பிறகு வைஸ்ராய் லிட்டன் ஒரு வாக்குக் கொடுத்தார். இனி வருஷம் ஒன்றரைக் கோடி ரூபாய் பஞ்சக் காப்புக்கென்று ஒதுக்குவோம், அதற்காகப் புது வரி போடுகிறோம், அந்தப் பணம் வேறு எதற்கும் போகாது என்றார். வியாபாரிகள் மீது லைசென்ஸ் வரி விழுந்தது. ஜனங்கள் கட்டினார்கள். 1878 கடைசியில் ஆப்கன் போர் தொடங்கியது. பஞ்ச நிதிக்கான ஒதுக்கீடு நின்று போனது. வரி மட்டும் நிற்கவில்லை.

இந்தப் பிப்ரவரி 25 அன்று லண்டனில் பிரதமர் ஸ்டார்மர், ராணுவச் செலவை 2.5 சதவீதமாக உயர்த்துகிறோம், அதற்காக வெளிநாட்டு உதவியை 2027-க்குள் 0.3 சதவீதமாக இறக்குகிறோம் என்றார். நிதிநிலை சரியானதும் 0.7-க்குத் திரும்புவோம் என்று அவர் கட்சி போன வருஷம்தான் தேர்தல் அறிக்கையில் எழுதியிருந்தது. இரண்டும் ஒன்றே என்று சொல்ல மாட்டேன். அன்று நாம் அடிமைகள், பணமும் நம்முடையது. ஆனால் பஞ்சத்துக்கென்று வைத்த பெட்டியைத் திறந்து துப்பாக்கி வாங்குவது அந்த அரசுக்குப் பழக்கமான வழி. அதனால்தான் மெரினா காற்று தம்பி "அவர்கள் பணம், அவர்கள் முடிவு" என்றபோது எனக்கு மனசு ஒப்பவில்லை.

---

தாம்பரம் சிஸ்டர்
6 ஜூலை 2025, மாலை 4.30

நைட் டியூட்டி முடித்துத் தூங்கி எழுந்து இப்போதுதான் படித்தேன். வெளிநாட்டுப் பணமே வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்குத் தொண்டை அடைக்கும். ஏன் என்று சொல்கிறேன்.

இந்தியாவில் எச்ஐவி முதலில் கண்டுபிடிக்கப்பட்டது இந்தச் சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி டாக்டர் நிர்மலாவும் ரத்த மாதிரிகள் சேர்த்து வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். தொண்ணூறுகளில் தாம்பரம் சானடோரியத்துக்கு மற்ற ஆஸ்பத்திரிகள் துரத்தியவர்களெல்லாம் வந்தார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது வார்டில் கட்டில் கிடையாது, இரண்டு கட்டிலுக்கு நடுவில் பாய் போட்டுப் படுத்திருப்பார்கள். மருந்தும் கிடையாது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம், அவ்வளவுதான்.

அந்த நேரத்தில், 1995-ல், அமெரிக்க உதவிப் பணத்தில் தரமணி விஎச்எஸ் ஆஸ்பத்திரி வழியாக ஏபிஏசி என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் தொடங்கியது. லாரி டிரைவர்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள், இவர்களிடம் நேராகப் போய்ப் பேசிய திட்டம். ஆணுறை என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவே நம் ஊரில் கூச்சப்பட்ட காலம் அது. அந்தப் பணம் வேர்க்கடலை இல்லை தம்பி. அதனால் தொற்று வராமல் தப்பியவர்கள் பெயர் யாருக்கும் தெரியாது, அவர்களுக்கே தெரியாது. 2004 ஏப்ரலில் எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய முதல் எட்டு மையங்களில் தாம்பரமும் ஒன்று. அதற்கப்புறம்தான் எங்கள் வார்டில் ஆட்கள் நடந்து வீட்டுக்குப் போனார்கள்.

ராயபுரத்து அம்மாவுக்காக ஒன்று சொல்ல வேண்டும். நிறுத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது, நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2003-ல் கேட்ஸ் அறக்கட்டளை அவஹான் என்று பெரிய எச்ஐவி தடுப்புத் திட்டம் கொண்டுவந்தது, தமிழ்நாட்டிலும் நடந்தது. அவர்களும் விலகினார்கள். ஆனால் எப்படி? 2009-ல் கொஞ்சம், 2011-ல் கொஞ்சம், மீதியை அதற்கடுத்து என்று பகுதி பகுதியாக அரசிடம் ஒப்படைத்தார்கள். முன்கூட்டியே சொல்லி, அரசு எப்படிக் கணக்கு எழுதுமோ அப்படியே எழுதப் பழக்கி, களத்தில் இருந்தவர்களையும் சேர்த்து ஒப்படைத்தார்கள். சிரமம் இருந்தது, சம்பளம் தாமதமானது. ஆனாலும் வந்துகொண்டிருந்தவர்களுக்கு வாசல் மூடவில்லை.

இந்த ஜனவரியில் பாருங்கள். அமெரிக்காவில் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைக்கக் கையெழுத்து விழுந்த சில நாளிலேயே வேலையை நிறுத்தச் சொல்லி உத்தரவு. ஹைதராபாத்தில் திருநர்களுக்கென்று 2021-ல் அமெரிக்க உதவியில் தொடங்கிய மித்ர் கிளினிக் மூடியது. கல்யாண், புனேவில் இருந்தவையும் மூடின. வேறெங்கும் போகக் கூசுகிறவர்கள் அங்கேதான் வந்துகொண்டிருந்தார்கள். ஒரு மாதம் மாத்திரை விட்டுப்போனால் என்ன ஆகும் என்று எங்கள் வார்டில் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

---

மெரினா காற்று
6 ஜூலை 2025, இரவு 8.10

சிஸ்டர், நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வேர்க்கடலை என்று நான் எடுத்துச் சொன்னது தவறு. எங்கள் அத்தை மகன் ஒருவர் தொண்ணூறுகளில் லாரி ஓட்டினார், நல்லபடியாக இருக்கிறார். இதற்கு முன் இப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

ஆனால் ஒன்றில் விட மாட்டேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் முதல்வர் ஸ்டாலின் "மக்களைத் தேடி மருத்துவம்" தொடங்கினார். வீட்டுக்கே போய் பிரஷர், சர்க்கரை பார்த்து மாத்திரை கொடுக்கும் திட்டம். அக்கா செய்துகொண்டிருந்த அதே வேலை! நம் வரிப்பணத்தில் நடக்கிறது, இதை லண்டனில் யாரும் நிறுத்த முடியாது. வெளிநாட்டுப் பணம் வழி காட்டட்டும், தொடர்ந்து நடத்துவது நம் அரசாக இருக்க வேண்டும். இதைத்தான் சொல்ல வந்தேன், முதல் பதிவில் கோபமாகச் சொல்லிவிட்டேன்.

---

மலையகத்துப் பேரன்
6 ஜூலை 2025, இரவு 11.30

அண்ணே, நாம் கப்பல் அனுப்பிய பெருமையைச் சொன்னீர்கள். நாம் கொடுத்த வாக்கு ஒன்றையும் இங்கே வைக்கிறேன்.

என் தாத்தா, இலங்கை மலையகத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமா ஒப்பந்தத்தில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்தவர். கோத்தகிரியில் குடியேறினோம், நான் இப்போது அம்பத்தூரில் வேலை பார்க்கிறேன். தாத்தாவின் தம்பி குடும்பம் அங்கேயே நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நின்றுவிட்டது. இன்றும் லயன் வீடுதான். வெள்ளைக்காரன் காலத்து வரிசை வீடு, ஒரே அறை, தகரக் கூரை.

போருக்குப் பிறகு இந்தியா இலங்கையில் 50,000 வீடு கட்டித் தருவதாகச் சொன்னது. வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பகுதி எழும்பியது, உண்மையிலேயே நல்ல வேலை. அதில் 4,000 எங்கள் மலையகத்துக்கு. 2017 மே மாதம் பிரதமர் மோடி நோர்வூட் மைதானத்துக்கே வந்து, இன்னும் 10,000 வீடு தருகிறோம் என்றார். சின்னத் தாத்தா வெயிலில் நின்று கேட்டுவிட்டு வந்து, போனில் எங்களிடம் சொல்லிச் சொல்லி அழுதார். அந்த 10,000-க்கு வேலை தொடங்கியது 2024 பிப்ரவரியில். ஏழு வருஷத்துக்கு மூன்று மாதம் குறைவு. நடுவில் அவர்கள் நாட்டில் நெருக்கடி வந்து சிமெண்ட், கம்பி விலை ஏறியது. ஒரு வீட்டுக்கான தொகையை 28 லட்சம் இலங்கை ரூபாயாகக் கூட்ட வேண்டி வந்தது. காணி யார் கொடுப்பது என்பதும் அங்கே எப்போதும் இழுபறி. எல்லாத் தவறும் டெல்லியுடையது என்று சொல்ல மாட்டேன். இப்போது கட்டுகிறார்கள், அதற்கு நன்றி உண்டு.

ஆனால் சின்னத் தாத்தா 2021-ல் அந்த லயனிலேயே இறந்துபோனார். லண்டனை நாம் கேட்கும் கேள்வியை டெல்லியையும் கேட்க வேண்டும். வாக்கு வாங்கியவர்களுக்கு நடுவில் யாராவது போய் ஏன் தாமதம் என்று சொன்னார்களா? எங்கள் ஆட்களிடம் யாரும் வந்து சொல்லவில்லை.

---

ராயபுரத்துக்காரி
7 ஜூலை 2025, காலை 6.20

தம்பி, உங்கள் சின்னத் தாத்தா பற்றிப் படித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. நீங்கள் கடைசியில் எழுதியதுதான் என் மனதிலும் நாலு வருஷமாக இருக்கிறது. முடிவு எடுத்தவர் யாரும் அந்த ஆறு பேர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான்தான் சொன்னேன். எனக்குச் சொன்னது ஒரு மின்னஞ்சல்.

ஆலமரம் ஐயா ராணுவத்தைச் சொன்னார். மிச்சம் இருக்கிற பணம் எங்கே போனது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். 2023-ல் பிரிட்டன் கணக்கில் காட்டிய உதவியில் 430 கோடி பவுண்டு, அதாவது நூற்றுக்கு 28 பங்கு, அவர்கள் நாட்டுக்குள் வந்த அகதிகளின் தங்குமிடம், சாப்பாட்டுக்குப் போனது. பெரும்பகுதி ஓட்டல் வாடகை. அகதி வந்த முதல் பன்னிரண்டு மாதச் செலவை உதவியாகக் காட்டலாம் என்று பணக்கார நாடுகள் தங்களுக்குள் வைத்திருக்கும் விதி இடம் கொடுக்கிறது. அகதிகளைப் பார்த்துக்கொள்ளட்டும், அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அந்தச் செலவை ஏமனுக்கும் சூடானுக்கும் என்று வைத்த பெட்டியிலிருந்து எடுத்தால், கணக்கு எழுதுகிறவளாக நான் அதை ஏற்க மாட்டேன். எங்கள் ஆடிட்டர் பேனா வாங்கிய பில்லை டீச் செலவில் எழுதினால்கூட அடித்துவிடுவார்.

ஸ்டார்மர் அறிவித்த மூன்றாம் நாள், வளர்ச்சித் துறை அமைச்சர் அனலீஸ் டாட்ஸ் ராஜினாமா செய்தார். 2020-லும் பாரனஸ் சக் என்ற இணையமைச்சர் அப்படித்தான் போனார். இருவருக்கும் என் மரியாதை. போன வருஷம் 0.7-ஐ எட்டிய நாடுகள் நாலே நாலு: டென்மார்க், நார்வே, சுவீடன், லக்ஸம்பர்க். ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஐ.நா. பொதுச்சபை போட்ட தீர்மானம்.

மெரினா காற்று தம்பிக்கு ஒரு நல்ல செய்தி. எங்கள் ஆறு பேரில் இரண்டு பேர் இப்போது மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர்கள். "தப்பு பண்ணிட்டோமா" என்று கேட்டவர் அதில் ஒருவர். அதே தெருக்களுக்குத்தான் போகிறார். ஆனால் மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் ஐந்து மாதம் இருந்தது, அது இரண்டாம் அலை ஐந்து மாதம். அவர் பதிவேட்டில் பெயர் இருந்தும் திரும்பப் போனபோது ஆள் இல்லாத வீடுகளை எனக்கு வரிசையாகச் சொன்னார். நான் எண்ணவில்லை.

---

தரமணி புதுசு
7 ஜூலை 2025, மதியம் 1.45

அக்கா, நான் வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு ஆய்வுத் திட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர். எங்கள் பணமும் பிரிட்டனிலிருந்துதான். 0.3 அறிவித்ததிலிருந்து அலுவலகத்தில் எல்லாரும் மெதுவாகப் பேசுகிறார்கள், யாரும் எங்களிடம் எதுவும் சொல்வதில்லை. வெள்ளிக்கிழமை அந்தப் பல்கலைக்கழகத்தோடு கூட்டம் இருக்கிறது, என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குக் கீழே நாலு பேர் களத்தில் இருக்கிறார்கள். நான் என்ன கேட்க வேண்டும்?

---

ராயபுரத்துக்காரி
7 ஜூலை 2025, மாலை 6.05

தங்கச்சி, எனக்கு யாரும் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன்.

முதலில் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் படி. "திட்டத்தை முடித்துக்கொள்ளுதல்" என்று ஒரு பகுதி இருக்கும். எத்தனை நாள் முன்னறிவிப்பு என்று பார். எங்களுடையதில் நாள் எழுதியிருந்தது, ஆனால் மேலிடத்து நிதி குறைந்தால் உடனே நிறுத்தலாம் என்று இன்னொரு வரியும் இருந்தது. நான் மூன்று வருஷத் திட்டத்தில் ஒருநாள்கூட அந்த வரியைப் படித்ததில்லை. அந்த மாதிரி வரி உன்னுடையதில் இருந்தால் கூட்டத்தில் அதையே கேள். நாலு பேருக்கு மூன்று மாதச் சம்பளத்தை முடிக்கும் செலவாகத் தனியே ஒதுக்க முடியுமா என்று கேள். பணம் செலவு செய்தபிறகு திருப்பித் தருகிற முறையா, முன்பணமா என்றும் பார். எங்களுக்குச் செலவு செய்து மூன்று மாதம் கழித்துத்தான் வரும், நின்றபோது மாட்டிக்கொண்டது எங்கள் நிறுவனத்தின் சொந்தக் காசு. வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் 2020-ல் மாறிய பிறகு அந்தக் கணக்குப் பணத்தை இன்னொரு தொண்டு நிறுவனத்துக்குக் கைமாற்றியும் விட முடியாது, அதனால் தெரிந்த இடத்தில் இரண்டு பேரை வைத்துச் சமாளிக்கலாம் என்ற வழியும் அடைந்துபோனது.

அப்புறம் சிஸ்டர் சொன்னதை மறக்காதே. நீங்கள் பார்க்கும் ஆட்களின் பட்டியலை, அவர்கள் சம்மதத்தோடு, அந்த வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்க வழி இருக்கிறதா என்று இப்போதே உங்கள் நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கேள். நின்றபிறகு கேட்டால் குழுவின் கூட்டமே நடக்காது. எங்கள் பதிவேடுகள் இன்னும் ஓர் இரும்பு அலமாரியில் பூட்டிக் கிடக்கின்றன.

உன் நாலு பேரிடமும் வெள்ளிக்கிழமைக்கு முன்னால் பேசிவிடு. முடிவு தெரியாவிட்டாலும், தெரியாது என்பதையே சொல்லு.

---

தரமணி புதுசு
8 ஜூலை 2025, இரவு 9.15

ஒப்பந்தம் கிடைத்தது அக்கா. அறுபது நாள் முன்னறிவிப்பு என்று இருக்கிறது. அதற்குக் கீழேயே நீங்கள் சொன்ன அந்த வரியும் இருக்கிறது. நாலு பேரிடமும் இன்றைக்குப் பேசினேன். ஒருவர், நெறிமுறைக் குழுவுக்கு எழுதுவதற்குத் தானே தமிழில் சம்மதக் கடிதம் தயார் செய்கிறேன் என்றார். மற்ற மூவரும் நாளைக்கும் வழக்கம்போல எட்டு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்ததும் இங்கே வந்து எழுதுகிறேன்.